கார் ஆஃப் ஆகாமல் கிளம்ப: கிளட்ச் மட்டுமா, ஆக்சிலரேட்டரும் சேர்த்தா, ஹேண்ட் பிரேக்கா?

கார் பழகுகிறவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கிளட்சை மெதுவாக விட்டாலே போதும் என்பார் ஒருவர். முதலில் ஆக்சிலரேட்டரைக் கொடு என்பார் இன்னொருவர். மேடு என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கச் சொல்வார்கள். மூன்று வழியிலும் வண்டி கிளம்பும். ஆனால் எதை முதலில் பழகுவது என்று கேட்டால், தயங்காமல் கிளட்ச் என்பேன்.

சும்மா ஓடும் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச்தான்; மிதித்தால் பிரியும், விட்டால் இணையும். கிளட்சைச் சட்டென்று விட்டால் நிற்கிற சக்கரம் ஓடுகிற எஞ்சினை இழுத்துப் பிடித்துவிடும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும். அதனால் சமதளத்தில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு தெரியும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கே காலை அப்படியே நிறுத்த வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த நொடியில்: வண்டி நகர்ந்ததும் 'சரி, கிளம்பியாச்சு' என்று காலை முழுசாக எடுத்துவிடுகிறார்கள். நகர ஆரம்பித்த பிறகும் ஓரிரு நொடி காலை அங்கேயே வைத்திருந்து, அப்புறம் விட்டால் குலுக்கல் இருக்காது.

ஆக்சிலரேட்டரை முதலில் கொடுக்கும் வழியில் ஆஃப் ஆகும் பயம் குறையும், உண்மைதான். ஆனால் எஞ்சின் உறுமுவதால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது புதியவருக்குப் பிடிபடாது. அதிக சுற்றில் வழுக்கிக்கொண்டே பிடிப்பதால் கிளட்ச் பிளேட் சூடாகித் தேயும். கருகிய வாடை வந்தால் அதுதான் காரணம். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பழைய கருவி) காலத்து வண்டிகளுக்கு இந்த வழி தேவைப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளில் எஞ்சின் தடுமாறினால் கணினியே எரிபொருளைக் கொஞ்சம் கூட்டித் தாங்கிப்பிடிக்கும். ஆனாலும் சிறிய பெட்ரோல் கார், ஏசி ஓடுகிறது, உள்ளே ஐந்து பேர் என்றால் கிளட்ச் மட்டும் போதாது. கிளட்ச் பிடிக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட வேண்டும்.

பயிற்சிப் பள்ளிக் காரில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சொல்லித்தருபவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவர் கால் உதவினால் நாமே நன்றாகக் கிளப்பியதாகத் தோன்றும்; சொந்த வண்டியில் உட்கார்ந்ததும் ஆஃப் ஆகும். "அண்ணே, கொஞ்ச நேரம் உங்க காலை எடுத்துடுங்க, நானே கிளப்பிப் பாக்குறேன்" என்று காலி மைதானத்தில் கேட்டுவிடுங்கள். நல்ல ஆசிரியர் கோபப்பட மாட்டார்.

மேட்டில் மட்டும் ஹேண்ட் பிரேக்குக்கு நிகர் வேறில்லை. பாலத்து ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கிறீர்கள், பின்னால் பைக் ஒட்டி நிற்கிறது என்றால், கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குத் தாவும் அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் அவசரமே இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை மெதுவாக விடுங்கள். பானெட் லேசாக நிமிர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஹில் ஹோல்டு வசதியுள்ள கார்கள் சுமார் இரண்டு நொடி தாமே பிடித்துக்கொள்ளும். பழகும் காலத்தில் அதை நம்பி ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டாம். கால் தடுமாறினால் அந்த இரண்டு நொடி போதாது.