தலைப்பட்டை வைத்த என்-95 முகக்கவசம்: ஒரு செவிலியரின் மதிப்பீடு

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் நான் வழக்கமாகச் செல்லும் சர்ஜிக்கல் கடையில், காதில் மாட்டும் என்-95 முகக்கவசமும், தலையைச் சுற்றி இரண்டு பட்டைகளால் இறுக்கும் வகையும் கிடைக்கின்றன. நெஞ்சக நோய் வார்டில் பணிபுரியும் நான் இரண்டையும் அணிந்திருக்கிறேன். விலை சற்றுக் கூடுதலானாலும் தலைப்பட்டை உள்ளதையே வாங்குங்கள்.

என்-95 என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்பது வடிகட்டும் துணிக்கான அளவுகோல்தான். தாடையோரம் இடைவெளி இருந்தால் மூச்சுக்காற்று அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். காதுப்பட்டை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதே நெகிழ்ந்துவிடுகிறது. தலைப்பட்டை, மேற்பட்டையைக் கொண்டைக்கு மேலும் கீழ்ப்பட்டையைப் பிடரியிலும் அமர்த்தி, மூக்குக் கம்பியை இரு கைவிரல்களாலும் அழுத்திவிட்டால், பணி முடியும்வரை நகர்வதில்லை. அணிந்தவுடன் கைகளால் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணருகே காற்றுப் பட்டால் மறுபடியும் சரிசெய்யவேண்டும். தாடி வைத்திருக்கும் ஆண்களுக்கு இது எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றுநோய் பரவியபோது நோயுற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கொரோனாவில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மட்டும் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டும் இல்லை. அதே வார்டின் காற்றையே சுவாசிக்கும் தூய்மைப் பணியாளருக்குத் தளர்வான மூன்றடுக்கு முகக்கவசம் போதும் என்று கொள்முதல் செய்வோர் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குறைகளும் உள்ளன. காவிரி டெல்டாவின் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வியர்வையால் உட்புறம் விரைவில் நனைந்துவிடுகிறது. நனைந்ததை மாற்றியே ஆகவேண்டும். மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு விழுகிறது. சிறிய முகத்திற்கான அளவு கடையில் இருப்பில் இல்லை. சொல்லிவைத்தால் திருச்சியிலிருந்து தருவித்துக் கொடுக்கிறார்கள். பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் துறையில் இது பெரிய குறை.

மூச்சை வெளிவிட வால்வு வைத்த முகக்கவசங்களையும் அங்கே அடுக்கியிருக்கிறார்கள். அணிந்தவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறுவதால், 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை அவற்றுக்கு எதிராக மாநிலங்களை எச்சரித்தது. வார்டுக்கு அவை வேண்டாம். உதிரியாகத் தருவதையும் தவிர்த்து, ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர எண் அச்சிட்ட, உறை பிரிக்காத முகக்கவசத்தையே கேட்டு வாங்குங்கள்.