"உங்கள் குணத்துக்கேற்ற நகைப்பெட்டி" என்று வந்தால் முழுப்பணம் கட்டாதீர்கள்

7,450 ரூபாய் போய்விட்டது. இன்று காலை என் எண்ணை பிளாக்கும் செய்துவிட்டார்கள். எப்படி ஏமாந்தேன், இப்படிப் பெட்டி வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

என் மகள் பரதம் ஆடுகிறாள். அவளுக்காக நாகர்கோவில் வடசேரியில் சொல்லிச் செய்த செட் இருக்கிறது. நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, அட்டிகை எல்லாம் வெள்ளியில் செய்து, தங்க முலாம் பூசி, சிவப்புக் கெம்பு பதித்தவை. அதோடு என் அம்மா விட்டுப்போன வெள்ளிக் கொலுசு. இத்தனை வருடமும் பழைய வேட்டித் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்திருந்தோம். நிகழ்ச்சி நாளில் எது எங்கே என்று தேடி அல்லாடுவோம்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, ஆர்டரின் பேரில் நகைப்பெட்டி செய்து கொடுப்பவர்கள். வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டார்கள். தினமும் நகை மாற்றுவீர்களா, விசேஷத்துக்கு மட்டுமா? கழற்றியதும் எடுத்து வைப்பீர்களா, மேஜையிலேயே போட்டுவிடுவீர்களா? கண்ணெதிரே இருந்தால் பிடிக்குமா, பூட்டி வைத்தால்தான் நிம்மதியா? நல்ல கேள்விகள்தான், அதை இப்போதும் மறுக்க மாட்டேன். நான் எப்போதும் அவசரமாகக் கிளம்புகிறவள் என்றேன். அப்படியானால் தோடு, ஜிமிக்கிக்கு மேலே திறந்த தட்டு, கீழே நடன செட்டுக்கு மாட்டும் வரிசையிலேயே குழிகள் என்று படம் வரைந்து அனுப்பினார்கள்.

அப்புறம் அந்தப் பெண் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "அக்கா, அம்மா கொலுசுன்னு சொன்னீங்கல்ல, அதை மத்ததோட சேர்க்க வேண்டாம். அதுக்குத் தனியா ஒரு சின்ன அறை வச்சிருக்கேன்." அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. தேக்கு மரம், உள்ளே பருத்தி வெல்வெட் என்றார்கள். வேறு எதையும் கேட்காமல் 7,450 ரூபாயையும் அப்போதே அனுப்பினேன்.

வந்தது தேக்கே இல்லை. மரத்தூள் பலகையில் தேக்கு நிறத் தாள் ஒட்டியிருந்தது. திறந்தாலே பசை நாற்றம். கேட்டதற்கு, "புதுப் பெட்டி வாசனைக்கா, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்கள். நம்பி எல்லாவற்றையும் அடுக்கினேன்.

மூன்றே வாரம். கொலுசு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. நெத்திச்சுட்டியின் ஓரங்களிலும் கறுப்பு. எங்கள் ஊர் வெள்ளிக்கடையில் பாலிஷ் போடும் பெரியவர் பெட்டியை முகர்ந்து பார்த்து, வெல்வெட்டை ஓரத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் ரப்பர் ஷீட். ரப்பரில் கந்தகம் இருக்கும், அதிலிருந்து வரும் ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும், மூடிய பெட்டி என்றால் இன்னும் சீக்கிரம் என்றார். கொலுசைத் தேய்த்து மீட்டுவிட்டார். முலாம் பூசியதை அப்படித் தேய்க்க முடியாது, மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும். கழற்றி மறுபடி முலாம் போட வேண்டுமாம்.

படம் எடுத்து அனுப்பினேன். "வெள்ளின்னா கறுக்கத்தானே அக்கா செய்யும்?" என்று பதில். முப்பது வருடம் வேட்டித் துணியில் கறுக்காத கொலுசு அது! அடுத்த நாள் ஓனர் ஊரில் இல்லை. அதற்கடுத்து, சொல்லிச் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. பாதிப் பணமாவது கொடுங்கள் என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இன்று பிளாக். அக்கா அக்கா என்று கூப்பிட்டவர்கள்!

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். முழுப்பணம் முன்னால் கட்டாதீர்கள். வெல்வெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ரப்பர், கம்பளி, பசை நாற்றம் இருந்தால் வெள்ளியை வைக்கவே வைக்காதீர்கள். முத்து இருந்தால் மற்ற நகைகளோடு உரசவிடாமல் மெல்லிய துணியில் தனியாகச் சுற்றுங்கள். ஆன்லைனில் விற்பவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதியில் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. பணம் அனுப்பிய ரசீது, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். 7,450 ரூபாய்க்கு நான் இன்று மதியம் புகார் கொடுத்துவிட்டேன். செட் பழையபடி வேட்டித் துணிக்கே போய்விட்டது. சனிக்கிழமை மகளுக்கு நிகழ்ச்சி, நெத்திச்சுட்டி இல்லை.