ஓடுகிற உடலே பறக்கவும் வேண்டுமா?

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போன மாதம் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். கலிபோர்னியாவில் ஒரு புது நிறுவனம் வீதியில் ஓடி வானத்திலும் பறக்கும் மின்காரைச் செய்கிறது, 150 டொலர் கட்டினால் வரிசையில் இடம் கிடைக்கும் என்றார். "நீங்களும் உதைத்தானே செய்து பாத்தனீங்கள், கட்டட்டோ விடட்டோ?" அண்ணாவுக்கு அன்றிரவு சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் செய்து பார்த்தது சின்ன அளவில். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நாலு பேர் சேர்ந்து, பரந்தனில் இருக்கும் என் பெரியப்பாவின் கராஜுக்குப் பின்னால், சொந்தக் காசில் இரண்டு மாதிரிகள் கட்டினோம். முதலாவதில் சக்கரமும் விசிறியும் ஒரே உடலில். இரண்டாவதில் தரையில் ஓடுவது தனி வண்டி, அதன் முதுகில் ஏறிப்போகும் பறக்கும் பகுதி தனி. ஒன்பது மாதம் இரண்டோடும் மல்லுக்கட்டிவிட்டு முதலாவதைக் கழற்றினோம். அதன் மோட்டர்கள் இப்போது இரண்டாவதில் ஓடுகின்றன. ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

பெரிய உலகத்திலும் போட்டி ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் இடையில்தான். அண்ணா சொன்னது அலெஃப் நிறுவனத்தின் 'மொடல் ஏ'. 2015இல் தொடங்கிய நிறுவனம். பார்த்தால் கார்போலவே இருக்கும். மேற்பரப்பு முழுக்க வலை, வலைக்குக் கீழே எட்டு விசிறிகள். நேராக மேலே எழும்பியபின் முழு உடலும் பக்கவாட்டில் சரியும். அப்போது காரின் இரண்டு பக்கச்சுவர்களும் மேலும் கீழுமாக வந்து இறக்கைகளாகிவிடும். ஆள் இருக்கும் கூடு மட்டும் சுழன்று நிமிர்ந்து நிற்கும். அழகான யோசனை. முதல்முறை படம் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, எங்கள் முதல் மாதிரிக்கு வித்தும் அதுதான். 2023இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆராய்ச்சிக்கும் காட்சிக்குமான வரையறுக்கப்பட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தது. 2025 மாசியில், வீதியில் நின்ற ஒரு காரைத் தங்கள் வண்டி பறந்து தாண்டும் காணொளியை வெளியிட்டார்கள்.

மற்றப் பக்கத்தில் சீனாவின் எக்ஸ்பெங் நிறுவனம். அவர்களுடையதில் ஆறு சக்கரம் கொண்ட ஒரு பெரிய வான் (வேன்). 5.5 மீற்றர் நீளம். பின்பெட்டிக்குள் இரண்டு பேர் இருக்கக்கூடிய பறக்கும் பகுதி கைகளை மடித்துக்கொண்டு படுத்திருக்கும். பறக்க வேண்டிய இடத்தில் அதை வெளியே எடுத்து, ஆறு கைகளையும் விரித்து எழும்பலாம். திரும்பி வந்தால் வானே அதற்கு மின்னேற்றும், ஆறு தடவை வரைக்கும். 2024 கார்த்திகையில் சுஹாய் விமானக் கண்காட்சியில் ஆளை ஏற்றிப் பறந்தது.

ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 2021இல் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்தது, அடுத்த வருடமே பறக்கும் தகுதிச் சான்றிதழும் வாங்கியது. மூன்றிலும் முதிர்ந்தது அதுதான். ஆனால் அது பெற்றோல் இயந்திரம், ஓடுபாதையும் வேண்டும். வன்னியில் ஓடுபாதை என்றால் இரணைமடுவும் வவுனியாவும், இரண்டுமே விமானப்படையிடம். எனவே அதை விட்டுவிடுகிறேன்.

விலையும் அதிகம் பேசத் தேவையில்லை. அலெஃப் சொல்வது 3 இலட்சம் டொலர், எக்ஸ்பெங் சொல்வது 20 இலட்சம் யுவானுக்குள். நம் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வேகத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அலெஃப் அமெரிக்காவில் குறைவேக வாகன வகையில் வருவதால் வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர்தான். ஏ-9 வீதியில் யாழ்ப்பாணப் பஸ் பின்னால் வரும்போது 40இல் ஓடுவது என்ன என்று அதில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, எடைக்கு வருவோம். அந்தரத்தில் நிற்கும் ஒரு பொருளுக்கு வேண்டிய சக்தி எடை கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, அதைவிட விரைவாகக் கூடும். விசிறிகளை மாற்றாமல் எடையை 10 வீதம் ஏற்றினால் சக்தி 15 வீதம் கூடுதலாகக் கேட்கும். எங்கள் முதல் மாதிரி சக்கரம், அச்சு, ஓட்டும் மோட்டர் எல்லாம் சேர்த்து 2.6 கிலோ. அவை இல்லாமல் 2 கிலோ. சக்கரம் இல்லாமல் 11 நிமிடம் பறந்தது, சக்கரத்தோடு 7 நிமிடம். அந்த நாலு நிமிடமும் வானத்தில் வேலையே இல்லாத சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கான செலவு. பெற்றோலில் ஓடுகிற யந்திரம் இதைத் தாங்கிவிடும். ஒரு கிலோ பெற்றோலில் 12,000 வாட் மணி அளவுக்குச் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ லிதியம் மின்கலத்தில் 250தான். மின்சாரத்தில் பறப்பவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணித்தான் ஏற்ற வேண்டும்.

ஆனாலும் எடைக்காக மட்டும் நான் கட்சி மாறியிருக்க மாட்டேன். பற்றரி வருடா வருடம் நல்லதாகிக்கொண்டு வருகிறது. எங்களை மாற்றியது ஒரு கல்.

கிரவல் ஒழுங்கையில் முதல் மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், முன்சக்கரம் கல்லில் ஏறி வண்டியைத் தூக்கிப் போட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். கீறல்கூட இல்லை. விசிறிகள் எல்லாம் சுற்றின. இன்னும் நாலைந்து நாள் ஓட்டினோம். பிறகு வட்டக்கச்சியில், அனுமதி எடுத்த ஒரு வெட்டையில், பறக்க விட்டபோது மூன்று மீற்றர் உயரத்தில் முன்பக்கத்து வலது கை முறிந்து மாதிரி குப்புற விழுந்தது. முறிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி வெட்டு புதிது, மற்றப் பாதி பழையது. பழைய பாதியில் செம்மண் ஏறியிருந்தது.

இரும்பு அடிபட்டால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். எடையைக் குறைக்கப் பயன்படுத்தும் கார்பன் இழை அப்படியில்லை. மேலே ஒன்றும் காட்டாமல் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரியும். விமானத் துறையில் மீயொலிக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். நாணயத்தால் தட்டிச் சத்தத்தைக் கேட்கும் பழைய முறையும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, சந்தையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குவதும் இதுதானே என்றார். அதேதான். அன்றிலிருந்து வீதியில் ஓடி வந்த ஒவ்வொரு தடவையும் நாங்கள் சட்டி சுண்டினோம். முழு உடலையும், ஒவ்வொரு கையையும், ஒவ்வொரு மூட்டையும். ஓடியது பத்து நிமிடம் என்றால் தட்டிப் பார்த்தது அரை மணித்தியாலம்.

இதை அப்படியே பெரிய வண்டிக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். ஏ-9இலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ இரவில் ஓடிய எவருக்கும் கட்டாக்காலி மாடுகளைத் தெரியும். பெரியப்பாவிடம் வரும் வேலையில் நல்லதொரு பங்கு மாட்டில் மோதி வந்த வாகனங்கள். பம்பரைக் கழற்றி, டிங்கர் வேலை செய்து, பெயின்ற் அடித்தால் இரண்டு நாளில் வாகனம் ஓடும். அலெஃபில் பக்கச்சுவர்தான் இறக்கை என்று சொன்னேனே, அங்கே டிப்பர் உரசிப் போனால் உரசுப்பட்டது கதவு அல்ல, இறக்கை. அதைத் தட்டி நிமிர்த்திப் பூசிவிட்டு வானத்துக்குக் கொண்டுபோக முடியாது. பறக்கும் யந்திரம் என்றால் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். பரந்தனிலிருந்து அப்படி ஒருவரைத் தேடிப் போவதென்றால் கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கம் போக வேண்டும், 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு மாட்டுக்காக.

"தம்பி, றோட்டில ஓடுற சாமான் எண்டால் ஒருநாள் அடிபடும். நான் முப்பது வருசமா அதிலதான் சாப்பிடுறன்" என்றார் பெரியப்பா. வானத்தில் போவது அடிபடவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே உடலில் எப்படி வைப்பது என்று அன்று முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்தேன், விடை கிடைக்கவில்லை.

இரண்டாவது மாதிரியைத் தொடங்கியது அதன் பிறகுதான். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டியைப் பூட்டினால் மூட்டை ஏற்றலாம். பெட்டியைக் கழற்றி இரும்புச் சக்கரத்தை மாட்டினால் சேற்று வயலுக்குள் இறங்கும். பெட்டியின் அச்சு உடைந்தால் உழவு நிற்காது. எங்கள் தரை வண்டி ஒருநாள் வாய்க்கால் கட்டில் ஏறிக் குடைசாய்ந்து அச்சு வளைந்து போனது. பறக்கும் பகுதி ரப்பர் தாங்கிகளில் இருந்ததால் தனியாக இறக்கி, தட்டிப் பார்த்து, அன்று பின்னேரமே பறக்க விட்டோம். அச்சைப் பெரியப்பா அடுத்த நாள் நிமிர்த்தி ஒட்டித் தந்தார். தரை வண்டிக்கு எந்தக் கராஜும் போதும், கையெழுத்து வேண்டியது மேலே போகிற பகுதிக்கு மட்டும். விற்கும்போதும் இதே கதைதான். மாடு மோதிய வானை மோதிய விலைக்கு விற்கலாம், அதனால் பறக்கும் பகுதியின் விலை விழாது.

பிரிப்பது என்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் மோல்ற்றன் டெய்லர் 1949இல் பறக்கவிட்ட ஏரோகாரில் இறக்கைகளைக் கழற்றி, மடித்து, பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அதில் இறக்கை மாட்டியபின் எழும்பியது காரேதான், வீதியில் அடிபட்ட அதே கார். 1973இல் போர்ட் பின்ரோ காருக்கு செஸ்னாவின் இறக்கையைப் பொருத்திப் பறந்த மைசார், அந்தரத்தில் இறக்கையின் தாங்கி கழன்று விழுந்து, அதைச் செய்தவரும் கூடப் போனவரும் இறந்தார்கள். பூட்டுகிற இடமே வானத்தில் பாரம் சுமக்கிறபோது அந்தப் பூட்டு ஒருபோதும் பிழைக்கக் கூடாது. எக்ஸ்பெங்கின் வழியில் பூட்டு தரையிலேயே வேலையை முடித்துவிடுகிறது. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

இந்த வழியின் பெரிய குறை என்ன என்றால், பறந்து போனவருக்கு இறங்கிய இடத்தில் வாகனம் இல்லை. வான் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். கிளிநொச்சியில் எழும்பி முல்லைத்தீவில் இறங்கி அப்படியே சந்தைக்கு ஓட வேண்டும் என்பவருக்கு அலெஃப்தான் சரி, அதை மறுக்கவே முடியாது. அண்ணாவும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் இங்கே பறக்க வேண்டிய தேவை எப்போது வருகிறது என்று யோசிக்கிறேன். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற நாட்கள் நினைவில் இருக்கின்றன. அப்படியான நாளில் வேண்டியது தண்ணீரின் விளிம்பு வரைக்கும் ஓடி, தண்ணீருக்கு மேலால் போய், ஒரு கர்ப்பிணியையோ பாம்பு கடித்த பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு அதே விளிம்புக்குத் திரும்புவது. திரும்பி வந்ததும் மின்னேற்றிக்கொண்டு மறுபடி போவது. மின்கம்பிகள் அறுந்து கிடக்கும் நேரத்தில் பற்றரியைத் தன் வயிற்றில் வைத்திருக்கும் வான் பக்கத்தில் நிற்பது பெரிய காரியம்.

எங்கும் இறங்கலாம் என்று இரண்டு தரப்பும் விளம்பரம் செய்வது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்தபின் எத்தனை வருடங்கள் நீண்டது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தெரிந்த இடத்தில் எழும்பி, தெரிந்த இடத்தில் மட்டும் இறங்க வேண்டும். இதிலும் வான் நிற்கிற இடத்துக்குத் திரும்பி வருகிற வழி எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

நான் சாய்ந்த பக்கத்தின் குறைகள் இன்னும் சில. கிரவலில் ஓடும் வண்டியின் நடுக்கம் முதுகில் இருப்பதற்கும் போகத்தான் செய்கிறது. ரப்பர் வைத்தும் ஒரு மாதத்தில் மூன்று நட்டுகள் தளர்ந்திருந்தன, பசை போட்டு இறுக்கினோம். எக்ஸ்பெங்கில் பறக்கும் பகுதி பின்பெட்டிக்குள் இருப்பதால் பின்னால் வந்து இடிக்கும் பஸ் முதலில் நசுக்குவது அதைத்தான். 2025 புரட்டாதியில் சாங்சுன் நகரில் ஒத்திகையின்போது அவர்களின் இரண்டு யந்திரங்கள் அந்தரத்தில் மோதி, ஒன்று தீப்பிடித்தது. அது இடைவெளி விடாமல் பறந்ததால் வந்தது, பிரித்துச் செய்ததால் அல்ல. என்றாலும் பக்கம் சாய்கிறவன் அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அனுபவம் 2 கிலோ மாதிரியோடு நின்றுவிட்டது என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். இரண்டு பேரைத் தூக்கும் யந்திரத்தில் கல் வேறுவிதமாக இடிக்கலாம். மழையில் ஒருநாளும் பறக்க விடவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரை உப்புக்காற்றில் மோட்டரின் பெயரிங் எத்தனை மாதம் நிற்கும் என்று பார்க்கவும் இல்லை. பற்றரி ஒரு கோடைகாலம் மட்டும் கண்டது.

அண்ணாவிடம் கட்டச் சொல்லவும் இல்லை, கட்டாதே என்று சொல்லவும் இல்லை. கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுதிக் கேட்கச் சொன்னேன்: கார்த் தரிப்பிடத்தில் யாரோ ஒருவர் கதவால் இடித்துவிட்டுப் போனால், மறுபடி பறக்கலாம் என்று கையெழுத்து வைப்பவர் யார், அவர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார்? எழுதுவதாகச் சொன்னார். இங்கே காலபோக மழை தொடங்கப் போகிறது. அதற்குள் தரை வண்டியின் பற்றரிப் பெட்டிக்குத் தண்ணீர் புகாத மூடி ஒன்று அடித்துத் தரும்படி பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.