இன்மையும் வெற்றிடமும் ஒன்றா?

"அங்கே ஒன்றும் இல்லை" என்கிறோம். அந்த 'அங்கே' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது.

வெற்றிடத்தில் பொருள் இல்லை, ஆனால் இடம் மிச்சமிருக்கிறது. அதற்கு நீள அகலம் உண்டு, ஒளி அதன் வழியே போகும். 1643இல் இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி பாதரசக் குழாயின் உச்சியில் உண்டாக்கிக் காட்டியது இதைத்தான். குவாண்டம் இயற்பியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: காற்றை முழுக்க வெளியேற்றினாலும் மின்காந்தப் புலம் போன்ற புலங்களின் துடிப்பு நிற்பதில்லை. அதனால், மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று இழுக்கும் என்று டச்சு இயற்பியலாளர் காசிமிர் 1948இல் கணித்தார். பிறகு அதை அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

இன்மைக்கு இதெல்லாம் கிடையாது. இடமில்லை, காலமில்லை, விதிகூட இல்லை. இல்லாததை நினைக்கவே முடியாது என்றார் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி பார்மனைடிஸ். கண்ணை மூடி முயன்றால் எனக்குக் கறுப்புதான் தெரிகிறது. கறுப்பும் ஏதோ ஒன்றுதானே.

பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனரின் சூனியத்தையும் இன்மையோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. எதுவும் தன்னால் தனித்து நிற்பதில்லை என்பதே அவர் சொன்னது.

அப்புறம், பிரபஞ்சம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், எந்த 'ஒன்றுமில்லை' என்று கேளுங்கள். பெரும்பாலும் வெற்றிடத்தைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் கேட்டதோ இன்மையைப் பற்றி: ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? அதற்கு வெற்றிடம் பதிலாகாது.