சர்க்கரையை 'அடியோடு போக்கும்' சொட்டு மருந்து: 890 ரேண்டுக்கு வாங்கிப் பார்த்த கதை

வாங்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் வாட்ஸாப் குழுவில் இதன் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அத்தைக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. டிவியில் தினமும் செய்தி வாசிக்கிற அம்மாவே வந்து, 17 நாளில் மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சொன்னதும் நம்பிவிட்டார், யார்தான் நம்பமாட்டார்கள்? அப்புறம் நான் அதே வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேச்சு ஒரு பக்கம் போகிறது, உதடு ஒரு பக்கம் போகிறது, பல் வரிசை வெள்ளைப் பட்டையாகக் குழைகிறது. ஏஐ வைத்து ஒட்டிய முகம். விளம்பரம் போட்ட முகநூல் பக்கம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். 30 மில்லி, இஞ்சி வாசனை, முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம் பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இது பதிவு செய்யப்படாத மருந்து, இதன் தரத்தையோ பாதுகாப்பையோ பயனையோ சாப்ரா மதிப்பிடவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. சாப்ரா என்பது 2018 முதல் இந்நாட்டில் மருந்துகளுக்கு அனுமதி தரும் ஆணையம். குணமாகும் என்று வீடியோவில் சத்தியம் செய்கிறவர்கள், அதைச் சோதிக்கவில்லை என்று பாட்டிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! பதிவு பெற்ற மருந்து என்றால் பதிவு எண் இருக்கும், இதில் இல்லை.

அத்தை மூன்று வாரம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத்தான் நாக்குக்கடியில் விட்டுக்கொண்டிருந்தார். ஓயாத தாகம், ராத்திரியில் ஐந்தாறு தடவை பாத்ரூம். விரலில் குத்திப் பார்த்தால் 19.4. இங்கே மில்லிமோல் கணக்கு, இந்தியக் கணக்குக்கு 18-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 350. அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மாத்திரை அங்கே இலவசம்தான், அதை விட்டுவிட்டு இதற்கு 890 ரேண்ட் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் அத்தைமேல் இல்லை. இந்த நாட்டில் சுகாதார அமைச்சராக இருந்தவரே எச்ஐவிக்குப் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்ன காலம் உண்டு. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மருந்து தாமதமானதால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, போனையும் எடுப்பதில்லை. சாப்ராவுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அத்தை நேற்று கோயில் குழுவில், அந்த வீடியோவுக்கு நேர் கீழேயே, பாட்டிலின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்.