டெபியன் சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் வி.இ.: ஒரு மதிப்புரை

2023 நவம்பரில் மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து, சொந்த சர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் பலவும் ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு மாற்று தேடத் தொடங்கின. அந்தத் தேடலில் அடிக்கடி முன்வரும் பெயர் பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. ஆஸ்திரியாவின் வியன்னாவில் இயங்கும் ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டு வரும் இந்த மென்பொருளின் ஒன்பதாம் பதிப்பு, 2025 ஆகஸ்டில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டு வந்தது. நான் இங்கே மதிப்பிடுவது அந்தப் பதிப்பைத்தான். அதிலும் ஆயத்த நிறுவல் வட்டைப் பயன்படுத்தாமல், ஏற்கெனவே டெபியன் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேல் அதை ஏற்றும் முறையைத்தான்.

இதன் உள்ளே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட இயந்திரம் எதுவும் இல்லை என்பதையே இதன் முதல் சிறப்பாகச் சொல்வேன். மெய்நிகர் கணினிகளை இயக்குவது கே.வி.எம்.; அது 2007-இல் லினக்ஸின் கருவான கெர்னலின் 2.6.20 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட அதன் சொந்த உறுப்பு. வன்பொருளைப் போலச் செய்து காட்டுவது கியூஎமு. கெர்னலைப் பகிர்ந்துகொண்டே தனித்து ஓடும் இலகுவான சூழல்களான கன்டெய்னர்களுக்கு எல்எக்ஸ்சி. இவற்றுக்கு மேல் ஓர் இணைய மேலாண்மைப் பக்கம், கட்டளைக் கருவிகள், பேக்கப், பல சர்வர்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டர் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருவதே பிராக்ஸ்மாக்ஸின் பணி. ஆகவே ஏதேனும் கெட்டுப்போனால், லினக்ஸ் தெரிந்த ஒருவர் தமக்குப் பழகிய பதிவுக் கோப்புகளையும் பழகிய கட்டளைகளையும் கொண்டே காரணத்தைத் தேடிப் பிடிக்க முடிகிறது.

நிறுவலுக்கு முன் பயாஸில் இன்டெல் சிப்பாக இருந்தால் வி.டி.-எக்ஸ், ஏஎம்டியாக இருந்தால் ஏஎம்டி-வி என்ற மெய்நிகராக்க வசதி இயங்குநிலையில் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், கணினிப் பெயர்களை ஐ.பி. முகவரிகளோடு இணைக்கும், பலரும் கண்டுகொள்ளாத ஹோஸ்ட்ஸ் கோப்பு. டெபியன் தன் வழக்கப்படி சர்வரின் பெயரை 127.0.1.1 என்ற உள்முகவரியோடு இணைத்து வைக்கிறது. பிராக்ஸ்மாக்ஸுக்கு அது உதவாது. சர்வரின் பெயர் அதன் உண்மையான, நிலையான ஐ.பி. முகவரிக்கே போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு வரியைத் திருத்தாமல் முன்னே சென்றால், மென்பொருள் பொதிகளெல்லாம் இறங்கிய பின்பும் மேலாண்மைச் சேவைகள் எழுந்து நிற்காது; பிழைச் செய்தியைப் பார்த்தவுடன் காரணம் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருப்பதாக எளிதில் தோன்றவும் தோன்றாது. அதிகாரபூர்வக் கையேடு இதை முதல் படியாகவே சொல்கிறது.

மீதி வேலை சீராக நடக்கிறது. பிராக்ஸ்மாக்ஸின் பொதிக் களஞ்சியத்தையும் அதன் சாவியையும் சேர்த்து, முதலில் அவர்களுடைய கெர்னலை மட்டும் நிறுவி, சர்வரை மறுதொடக்கம் செய்து, அந்தக் கெர்னலில்தான் ஓடுகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு முதன்மைப் பொதிகளை இறக்க வேண்டும். பின்னர் டெபியனின் பழைய கெர்னலையும், மெய்நிகர் வட்டுகளைத் தனி இயங்குதளங்களாகத் தவறாக எண்ணித் தொடக்கப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடிய ஓஎஸ்-புரோபரையும் நீக்கிவிடலாம். இறுதியில் உலாவியில் 8006 போர்ட்டைத் திறந்தால் மேலாண்மைப் பக்கம் வந்துவிடும்.

நிறுவல் முடிந்ததும் கட்டணச் சந்தாதாரர்களுக்கான களஞ்சியம் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. சந்தா இல்லையென்றால் பொதிப் புதுப்பிப்பு அங்கே பிழை காட்டி நிற்கும். அதை முடக்கிவிட்டுச் சந்தா இல்லாதோருக்கான களஞ்சியத்தை வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மென்பொருள் முழுவதும் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருவதால், இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு எந்த வசதியும் குறைக்கப்படுவதில்லை. நுழையும் ஒவ்வொரு முறையும் சந்தா இல்லை என்ற அறிவிப்பு எழுவது மட்டுமே உறுத்தல். அதை மறைக்க நிரலைத் திருத்துவோர் உண்டு. அடுத்த புதுப்பிப்பில் அந்தத் திருத்தம் போய்விடும், நேர்மையும் அதில் இல்லை. அலுவலகத்தின் பிழைப்பே ஒரு சர்வரில் ஓடுமானால், சிபியு சாக்கெட் கணக்கில் ஆண்டுதோறும் கட்டும் சந்தாவில் குறைந்த நிலையையாவது வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடுதலாகச் சோதிக்கப்பட்ட பொதிகள் அந்தக் களஞ்சியத்தில்தான் கிடைக்கின்றன.

டெபியன் வழியாக வருவோர் வலையமைப்பைத் தாமே கட்ட வேண்டியிருக்கிறது. ஆயத்த வட்டு, மெய்நிகர் கணினிகளை வெளி வலையமைப்போடு இணைக்கும் ஒரு பிரிட்ஜைத் தானாகவே உருவாக்கித் தந்துவிடும். இங்கே அப்படி எதுவும் இருக்காது. சர்வரின் ஐ.பி. முகவரியையும் கேட்வேயையும் நெட்வொர்க் கார்டிலிருந்து எடுத்து, விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜுக்கு மாற்றி, அந்தக் கார்டை முகவரி இல்லாத வெறும் போர்ட்டாகப் பிரிட்ஜின் கீழ் வைக்க வேண்டும். இதன் பின் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் அலுவலகத்தின் ஸ்விட்சில் நேரடியாகச் செருகிய கணினியைப் போலவே நடந்துகொள்ளும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் என்ற கட்டளை இணைப்பு வழியாக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வது ஆபத்து, ஏனென்றால் ஒரு எழுத்துப் பிழையே தொடர்பை முற்றாக அறுத்துவிடும். திரையும் விசைப்பலகையும், அல்லது சர்வரின் தொலைக் கன்சோலும் கைக்கெட்டும் நிலையில் இருக்க வேண்டும். வாடகை டேட்டா சென்டர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பல இடங்களில் ஒரு போர்ட்டில் மேக் எனப்படும் நெட்வொர்க் கார்டின் அடையாள முகவரி ஒன்றுக்கு மேல் தென்பட்டால் அந்தப் போர்ட்டையே மூடிவிடுவார்கள் என்பதால், பிரிட்ஜ் முறையை விட்டு, ரூட்டிங் முறைக்கோ முகவரி மறைக்கும் நேட் முறைக்கோ போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் கையேட்டில் முழு மாதிரிகள் தரப்பட்டுள்ளன, அவை அப்படியே வேலை செய்கின்றன. பிராக்ஸ்மாக்ஸின் ஃபயர்வால், டேட்டா சென்டர் என்று அது அழைக்கும் மேல்மட்ட அமைப்பில் தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். 8006 போர்ட்டைத் திறந்த இணையத்தில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது நிறுவுபவரின் பொறுப்பு.

சேமிப்பகத்தைப் பற்றிய முடிவை டெபியனை நிறுவும் நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. வட்டு முழுவதையும் ரூட் பகிர்வுக்குக் கொடுத்துவிட்டால், மெய்நிகர் வட்டுகளைக் கோப்புகளாகவே வைக்க வேண்டி வரும். ஒரு பெரும்பகுதியை ஒதுக்காமல் விட்டால், பின்னர் அதை எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பக முறைகளில் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். எல்விஎம்-தின் முறையில் இருக்கும் இடத்துக்கு மேலேயே பங்கிட்டுக் கொடுக்க முடியும். அது வசதிதான், ஆனால் சேமிப்பிடத் தொகுப்பு நிறைந்துவிட்டால் அதன்மேல் எழுத முயலும் மெய்நிகர் கணினிகள் எல்லாம் ஒருசேரப் பிழையில் விழும். ஆகையால் ஒவ்வொரு மெய்நிகர் வட்டிலும் டிஸ்கார்டு தேர்வை இட்டு, உள்ளே அழித்த இடம் திரும்பி வர வழிசெய்ய வேண்டும். இசட்எஃப்எஸ் தரவுச் சிதைவைக் கண்டறியும் திறன் கொண்டது, நான் பெரிதும் விரும்புவதும் அதையே. எனினும் அது ரேமைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஆயத்த வட்டின் நிறுவி, இசட்எஃப்எஸ்ஸின் நினைவக உச்சத்தை மொத்த ரேமில் 10 சதவீதமாக, 16 ஜிபிக்கு மிகாமல் வைத்துவிடுகிறது. டெபியன் வழியில் அந்த வரம்பை நாமே எழுத வேண்டும். மின் இழப்புப் பாதுகாப்பு இல்லாத சாதாரண எஸ்எஸ்டிகளில், டேட்டாபேஸ் போன்றவை வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டே எழுதும் வேலைகள் மிக மெதுவாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மெய்நிகர் கணினியை உருவாக்கும் படிவம் தெளிவானது. சிபியு வகைக்கு அது தானாகத் தரும் பொதுவான தேர்வு, வெவ்வேறு தலைமுறை சர்வர்களுக்கிடையே ஓடும் நிலையிலேயே கணினிகளை இடம் மாற்ற ஏற்றது. ஒரே சர்வர்தான் என்றால் ஹோஸ்ட் வகையைத் தேர்ந்தெடுத்துச் சிப்பின் முழுத் திறனையும் உள்ளே கொடுக்கலாம். விண்டோஸ் நிறுவும்போது வட்டே தென்படவில்லை என்று திகைக்க வேண்டாம். மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ இயக்கிகள் உள்ள வட்டை இரண்டாம் டிரைவாக இணைத்து, நிறுவலின் நடுவில் இயக்கியை ஏற்றினால் தெரிந்துவிடும்.

பேக்கப் வசதி தொகுப்போடு வருவது பெரிய நிம்மதி. கணினியை நிறுத்தாமலே நகல் எடுக்கலாம். மெய்நிகர் கணினியின் உள்ளே கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற துணை நிரல் நிறுவப்பட்டிருந்தால், நகல் எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமை உறையவைக்கப்பட்டு நகல் ஒழுங்காக அமையும். ஆனால் இந்த வழியில் ஒவ்வொரு முறையும் முழு நகலே உருவாகும். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்ப, அதே நிறுவனத்தின் தனி பேக்கப் சர்வர் வேண்டும். அதை வேறொரு கணினியில் வைப்பதே பொருளுள்ள ஏற்பாடு.

கிளஸ்டரில் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டே சர்வர்களை இணைக்க இடைமுகம் எளிதில் இடம் தருகிறது. ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குப் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் போய், அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டுமான நிலைக்குச் சென்று, நின்றுபோன கணினியைத் திரும்பத் தொடங்கவும் முடியாது என்ற எச்சரிக்கையை இணைக்கும் இடத்திலேயே அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். மூன்றாவது வாக்குக்குச் சிறிய கணினி ஒன்றைக் கியூடிவைஸ் என்ற வாக்குச் சாதனமாக நிறுத்துவது போதுமானது. கட்டண உதவியும் ஆஸ்திரியாவின் வேலை நாட்களையும் நேரத்தையும் ஒட்டியது; குளிர்காலத்தில் இந்திய நேரத்தைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் அந்த நாட்டிலிருந்து, காலை பத்து மணிக்குச் சென்னையில் நின்றுபோன சர்வருக்கு உடனடிப் பதிலை எதிர்பார்க்க இயலாது.

ஒரே சர்வரில் ஒன்றிரண்டு லினக்ஸ் கணினிகள் மட்டும் ஓட வேண்டும் என்பவருக்கு, டெபியனிலேயே கிடைக்கும் மெய்நிகர் கணினி மேலாண்மைக் கருவிகளான லிப்விர்ட்டும் விர்ட்-மேனேஜரும் போதும். பலர் சேர்ந்து நிர்வகிக்கும் இடத்துக்கும், பேக்கப்பை நாள்தோறும் திட்டமிட வேண்டிய இடத்துக்கும் பிராக்ஸ்மாக்ஸையே பரிந்துரைப்பேன். இன்னும் எட்டாம் பதிப்பில் இருப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் வரைதான் ஆதரவு. பதிப்பு மாறுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் சரிபார்ப்பு நிரல் ஒன்று உடன் வருகிறது; அது எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்வதால், அலுவலக நேரத்திலேயே அச்சமின்றி ஓட்டிவிட்டு, மேம்படுத்தலை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.