மென்பொருளின் பழைய லோகோவைத் துலக்குவதா, புதிதாக வரைவதா?

வீடியோ இயக்கும் மென்பொருளான விஎல்சி முதல் வழியில் போனது. பாரிஸ் மாணவர்கள் அதை உருவாக்கிய காலத்து ஆரஞ்சு சாலைக் கூம்பை 2006இல் கூடுதல் துல்லியத்தோடு மறுபடி வரைந்தார்கள், உருவம் மாறவில்லை. வீடியோவுக்கும் கூம்புக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனாலும் ஐகான் கூட்டத்தில் கண் தேடாமலே அதைக் கண்டுகொள்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்துக்குத் துலக்கல் போதவில்லை. அதன் சின்னமான, சூலம் ஏந்திய குட்டிப் பேய் பீஸ்டியைச் சுருக்கினால் சிவப்புக் கறைதான் மிஞ்சும். படத்தின் காப்புரிமையும் திட்டத்திடம் இல்லை, பிஎஸ்டி உருவாக்குநர்களில் ஒருவரான மார்ஷல் கிர்க் மெக்கூசிக்கிடம் இருந்தது. 2005இல் போட்டி வைத்து, இரு கொம்புள்ள சிவப்பு உருண்டையை லோகோவாக்கினார்கள். பீஸ்டியைத் துரத்தவில்லை, செல்லச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். புத்திசாலித்தனமான சமரசம்.

துலக்கலுக்கு ஒரு எஸ்விஜி (எந்த அளவுக்கும் மங்காமல் மாறும் பட வடிவம்) மூலக்கோப்பும் 16, 32, 48, 256 பிக்சல் படங்களும் வேண்டும். 16 பிக்சலைத் தானாகச் சுருக்க விடாதீர்கள்: கோடுகள் பிக்சல்களுக்கு நடுவே விழுந்து மங்கும். அதைத் தனியே வரையுங்கள். ஆண்ட்ராய்டில் 108 டிபி (திரை அடர்த்திக்கேற்ப மாறும் அளவு அலகு) பரப்பின் நடு 66 டிபிக்குள் முக்கிய உருவம் அடங்காவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம்.

புது லோகோவுக்கு இவையெல்லாம் போக வணிகக்குறித் தேடல் (வேறு யாரும் அதைப் பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பது), ஆவணங்களில் உள்ள திரைப்பிடிப்புகள், பிறர் செய்த ஐகான் தீம்கள் என வேலை நீளும். லினக்ஸ் விநியோகங்களின் (மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் லினக்ஸ் தொகுப்புகளின்) பழைய பதிப்புகளில் பழைய ஐகானே நெடுநாள் கிடக்கும். இரண்டையும் பார்ப்பவர் எது போலி என்று குழம்புவார். உரிமைச் சிக்கலோ சிறு அளவில் உருவம் தெரியாத குறையோ இல்லையென்றால் துலக்கலே போதும். சலித்துவிட்டது என்பது வரைபவரின் பிரச்சினை.